சிட்டையில் ஏறாதது

கடிதம்:

அன்புள்ள ஐயா,

திண்டுக்கல் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் இரண்டாமாண்டு ஐடி படிக்கிறேன். இந்த செமஸ்டரில் டிபிஎம்எஸ் (டேட்டாபேஸ் மேலாண்மை) பேப்பர். நார்மலைசேஷன் விதிகளை மனப்பாடம் செய்து எழுதுகிறோம். லேபில் செய்ததை ரெக்கார்ட் நோட்டில் காப்பி அடிக்கிறோம். மெஷின் திடீரென்று நின்றுபோனால் டேட்டாபேஸை மீட்பது பற்றிய ரெக்கவரி பகுதியை மேடம், "வந்தால் 13 மார்க், சாய்ஸில் விட்டுவிடுங்கள்" என்று சொல்லிவிட்டார். டேட்டாபேஸுக்குக் கட்டளை கொடுக்கும் எஸ்க்யூஎல்லை இப்போது ஏஐயே எழுதிவிடுகிறது. இந்தப் பேப்பரை அரியர் இல்லாமல் தாண்டினால் போதாதா? வேலைக்கு எந்த டேட்டாபேஸ் மென்பொருள், மோங்கோடிபி கற்பதா, போஸ்ட்கிரெஸ் கற்பதா?

(பெயர் வேண்டாம்)

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

எதைப் படித்தால் வேலை கிடைக்கும் என்று கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. உங்கள் கடிதத்தையும் அப்படித்தான் தாண்டியிருப்பேன், "சாய்ஸில் விட்டுவிடுங்கள்" கண்ணில் படாமல் இருந்திருந்தால். கொஞ்ச நாளாகவே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும் விஷயம் அது.

ஏஐ எழுதட்டும், நல்லதுதான். அது எழுதியது சரியா என்று பார்க்கத் தெரியாவிட்டால் உங்களை எதற்கு வேலைக்கு எடுக்கிறார்கள்? நார்மலைசேஷனுக்கு மனப்பாடமே தேவையில்லை. தகவலை டேபிள்களாக வைக்கும் முறையை வகுத்த எட்கர் காட் 1970இல் ஐபிஎம்மில் இருந்தபோது எழுதிய மூலக் கட்டுரை மொத்தமே பதினோரு பக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படியுங்கள். ஒரே தகவலை நாலு இடத்தில் எழுதினால் ஒரு இடத்தில் திருத்த மறந்துபோவோம், அவ்வளவுதான் சங்கதி.

ரெக்கவரிக்கு வருகிறேன்.

1990களின் நடுவில் ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டிக்கு என்னை அனுப்பினார்கள். எங்கள் நிறுவனம் விற்ற ஃபாக்ஸ்புரோ மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மண்டியில் ஒரு விற்பனை என்றால் வியாபாரி கணக்கில் பற்று விழ வேண்டும், விவசாயி கணக்கில் வரவு ஏற வேண்டும், நடுவில் கமிஷன், கூலி எல்லாம் கழிய வேண்டும். ஒரு சாயங்காலம் விரலி மஞ்சள் லாட் ஒன்று ஏறிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. திரும்பி வந்தபோது வியாபாரிக்குப் பற்று விழுந்திருக்கிறது, விவசாயிக்கு வரவு இல்லை. பதிவுகளைத் தேடித் தரும் இன்டெக்ஸ் வேறு கெட்டிருந்தது. ரீஇன்டெக்ஸ் போட்டேன். இன்டெக்ஸ் சரியானது, விவசாயியின் பணம் வரவில்லை. எந்தெந்த லாட் முழுசாக ஏறியது, எது பாதியில் நின்றது என்று சொல்ல அந்தக் கம்ப்யூட்டரிடம் எந்தத் தடயமும் கிடையாது.

அங்கே ஒரு வயதான கணக்குப்பிள்ளை இருந்தார். கம்ப்யூட்டர் வந்த பிறகும் கையால் சிட்டை, அதாவது அன்றன்றைய வரவுசெலவை வரிசையாக எழுதும் நோட்டு, எழுதுவதை அவர் விடவில்லை. முதலாளிகூட அதைக் கிண்டல் செய்வார். அன்றைக்கு அவர் சிட்டையைத் திறந்து, லாட் லாட்டாக விரல் வைத்துப் படிக்கப் படிக்க, நான் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து ஏற்றினேன். முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கேட்டார்: "ஏனுங்க தம்பி, சிட்டையில ஏத்தாம பேரேட்டுல கை வெக்கலாமுங்களா?"

முதலில் சிட்டை, பிறகுதான் ஆளுக்கொரு கணக்கு வைக்கும் பேரேடு. ரைட் அஹெட் லாகிங் என்று உங்கள் புத்தகம் ஒரு அத்தியாயம் முழுக்கச் சொல்வது இதைத்தான். லாக் என்பது சிட்டை, டேபிள் என்பது பேரேடு. மாற்றத்தை உறுதி செய்யும் கமிட் ஆனதும் தகவல் டேபிளில் போய் உட்கார்ந்துவிட்டது என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? இல்லை அம்மா. டேபிளைப் பக்கம் பக்கமாகத்தான் வைத்திருப்பார்கள்; மாறிய பக்கம் இன்னும் மெமரியில்தான் இருக்கும், டிஸ்க்குக்குப் பிறகு சாவகாசமாகப் போகும். கமிட் என்று பதில் வந்தால், லாக் டிஸ்க்கில் பத்திரமாக ஏறிவிட்டது என்று மட்டும் பொருள். லாக் இருந்தால் மற்றதை மறுபடி செய்துகொள்ளலாம். இதைத் தெரிந்துகொள்ளாமல் ட்ரான்சாக்ஷனுக்கு (முழுசாக நடக்க வேண்டும், இல்லையென்றால் நடக்கவே கூடாது என்ற வேலைக்கு) இருக்க வேண்டிய குணங்களைச் சொல்லும் ஏசிஐடியின் நாலு எழுத்துக்கு விரிவாக்கம் எழுதி மார்க் வாங்குவதற்குப் பெயர் படிப்பா?

உங்கள் பாடத்திட்டத்தில் ட்ரான்சாக்ஷன் யூனிட்டின் கடைசியில் ஏரீஸ் என்று ஒரு ரெக்கவரி முறை இருக்கும், பாருங்கள். அதைச் சொன்னது 1992இல் வெளியான கட்டுரை. அதன் முதல் ஆசிரியர் சி. மோகன் தமிழ்நாட்டில் பிறந்தவர். ஐஐடி மெட்ராஸில் வேதிப் பொறியியல் படித்துவிட்டு ஐபிஎம்முக்குப் போனவர். நம் ஊரிலிருந்து போனவர் எழுதியதை நம் ஊரிலேயே சாய்ஸில் விடச் சொல்கிறார்கள். எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

ஏரீஸ் செய்வது இது. மெஷின் விழுந்து எழுந்ததும் முதலில் லாகைப் படித்து, விழுந்த நேரத்தில் என்னென்ன நடந்துகொண்டிருந்தது என்று கணக்கெடுக்கும். அப்புறம் நடந்த எல்லாவற்றையும் மறுபடி நடத்தும், பாதியில் நின்றவற்றையும் சேர்த்தே. "ரத்தாகப் போவதை ஏன் மறுபடி செய்ய வேண்டும்?" என்று கேட்பீர்கள். விழுந்த நிமிடத்தில் இருந்த நிலைக்கு அப்படியே வந்துவிட்டால், அங்கிருந்து ரத்து செய்வது வழக்கமான ரத்து மாதிரியே ஆகிவிடுகிறது. ஒரே வேலையை இரண்டு தடவை செய்துவிடாமல் இருக்க, ஒவ்வொரு பக்கத்திலும் கடைசியாக ஏறிய லாக் பதிவின் எண் இருக்கும். எங்கள் கணக்குப்பிள்ளை பேரேட்டில் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் சிட்டைப் பக்க எண்ணைப் பொடி எழுத்தில் குறித்து வைப்பார். அதே வேலைதான். கடைசியில், முடியாதவற்றை ரத்து செய்யும். அந்த ரத்தையும் லாகில் எழுதிக்கொண்டே செய்யும், ரத்து செய்யும்போதே மறுபடி கரண்ட் போனால்? அதற்காக. கணக்குப்பிள்ளையும் தப்பான வரியை அடிக்க மாட்டார், எதிர்ப்பதிவு போடுவார்.

உங்கள் லேப்டாப்பில் போஸ்ட்கிரெஸ் போடுங்கள். ஒரு ஜன்னலில் பிகின் கொடுத்து ஒரு வரியை மாற்றுங்கள், கமிட் வேண்டாம். இன்னொரு ஜன்னலில் வேறு வரியை மாற்றி கமிட் கொடுங்கள். இப்போது சர்வரை இமீடியட் முறையில் நிறுத்துங்கள், கிட்டத்தட்ட கரண்ட் போனது போல. மறுபடி ஓட்டினால், ஒழுங்காக மூடப்படவில்லை, மீட்பு நடக்கிறது என்று சர்வரே எழுதும். ரீடூ (மறுபடி நடத்துவது) எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்றும் சொல்லும். (போஸ்ட்கிரெஸில் அண்டூ, அதாவது ரத்து செய்யும் கட்டம், கிடையாது. பழைய வரி அப்படியே இருக்கும், ரத்தான புது வரியைப் பிறகு வேக்யூம் என்ற துப்புரவு வேலை வந்து பெருக்கும். வைவாவில் கேட்டால் சொல்லுங்கள், மேடம் சந்தோஷப்படுவார்.) லாக் இருக்கும் ஃபோல்டரையும் பாருங்கள். முன்பு அதன் பெயர் பிஜி_எக்ஸ்லாக். சும்மா லாக்தானே என்று, இடம் இல்லாதபோது அதை அழித்து முழு டேட்டாபேஸையும் தொலைத்தவர்கள் உண்டு. அதனாலேயே 2017இல் வந்த 10ஆம் பதிப்பில் பிஜி_வால் (ரைட் அஹெட் லாகின் சுருக்கம்) என்று மாற்றினார்கள்.

உங்கள் மேடத்தைக் குறை சொல்லவில்லை. செமஸ்டருக்கு இத்தனை பீரியட் என்று கட்டிப்போட்டால் அவரும் என்னதான் செய்வார். நீங்கள் இரண்டாமாண்டுதான், நேரம் இருக்கிறது. ஒரு வாரம் கொடுங்கள்.

மோங்கோவா போஸ்ட்கிரெஸா என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை என்று இன்னொரு கடிதம் போடாதீர்கள். மோங்கோவும் ஜர்னல் என்ற பெயரில் சிட்டை எழுதுகிறது. பல ஆவணங்களைத் தொடும் ட்ரான்சாக்ஷனை 2018இல் அதுவும் கொண்டுவந்துவிட்டது. முதலில் போஸ்ட்கிரெஸ்.

அன்புடன்.