சித்தியின் தையல் கூடத்துக்கு விருது: எங்கே விண்ணப்பிப்பது?

ஆம்பூரில் ஷூ அப்பர் (காலணியின் மேல்பகுதி) தைக்கும் சித்திக்குச் சிறுதொழில் விருது கேட்டு வேலூருக்கு அலைவதாக எழுதியிருக்கிறீர்கள். 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோதே ஆம்பூர் திருப்பத்தூரோடு போய்விட்டது. அங்குள்ள மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இல்லையென்றால் முதலில் அதை முடியுங்கள். கட்டணமே கிடையாது, தரகர் கேட்டால் கொடுக்காதீர்கள்.

விண்ணப்பத்தில் 'கடின உழைப்பாளி' என்று எழுதிப் பயனில்லை, எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். எத்தனை பெண்களுக்கு வேலை, ஆர்டர் நின்ற மாதத்தில் கூலியை எப்படிச் சமாளித்தார், தையல் பிசகித் திரும்பி வந்த ஜோடிகள் எவ்வளவு குறைந்தன என்பதைக் கணக்கு நோட்டிலிருந்து எடுத்துப் போடுங்கள். சித்தியின் கடனுக்குத் துணைநின்ற வங்கி மேலாளரையும் சேர்க்க நினைத்தால், அதே தாளில் நுழைக்க வேண்டாம். விருதில் தொழிலுக்குத் துணைநின்றவர்களுக்கென ஆதரவாளர் பிரிவு இருந்தால் அவருக்குத் தனி விண்ணப்பம். சித்திக்குத் தெரியாமல் அனுப்பும் யோசனையையும் விடுங்கள், கையெழுத்து அவருடையதாயிற்றே!