டாக்டரைக் கேளுங்கள்: நடந்தும் தூக்கம் வரவில்லையே?

கேள்வி: வயது 69. ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். படுத்தால் தூக்கம் வர நேரமாகிறது. இரண்டரை மணிக்குச் சிறுநீர் கழிக்க எழுந்தால் அப்புறம் பொட்டுத் தூக்கம் இல்லை. மகள் சொன்னாளே என்று ஒரு மாதமாகக் காலையில் நண்பர்களுடன் நடக்கிறேன். பலன் தெரியவில்லை. மத்தியானம் சாப்பிட்டதும் இரண்டு மணி நேரம் தூங்கிவிடுகிறேன். இரவில் பிரஷர் மாத்திரை உண்டு. நடையை விட்டுவிடலாமா?
- ஒரு வாசகர், மயிலாடுதுறை

பதில்: விட்டுவிடாதீர்கள் சார். ஒரு மாதம் போதாது. தலைவலி மாத்திரை மாதிரி அன்றைக்கே வேலை செய்கிற சமாச்சாரம் இல்லை இது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 50 முதல் 76 வயது வரை உள்ள, தூக்கம் சரியில்லாத சிலரை வாரம் நான்கு தடவை, 30 முதல் 40 நிமிடம் வேகநடையும் லேசான ஏரோபிக்ஸும் செய்ய வைத்தார்கள். 1997-ல் முடிவு வெளியானது. படுத்துக் கண்ணயரச் சராசரியாக 28 நிமிடம் ஆனவர்களுக்கு அது 15 நிமிடமாகக் குறைந்தது. தூங்கும் நேரமும் கூடியது. ஆனால் அதற்கு 16 வாரம் பிடித்தது.

இன்னொன்று, நண்பர்களுடன் என்கிறீர்கள். என் அனுபவத்தில் அந்த நடையில் வாய்க்குத்தான் பயிற்சி அதிகம்! பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும். முதல் பத்து நிமிடம் நிதானமாகப் போய்விட்டுப் பிறகு வேகத்தைக் கூட்டுங்கள். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். தூக்கம் கெட்ட மறுநாள் நடக்கவே மனசு வராது. அன்றைக்குப் பாதித் தூரமாவது போய் வாருங்கள்.

மத்தியானத் தூக்கத்தை அரை மணி நேரத்தோடு நிறுத்துங்கள். அலாரம் வைத்தாவது எழுந்துவிடுங்கள். பகலில் இரண்டு மணி நேரத்தைச் செலவழித்துவிட்டு இரவில் முழுத் தூக்கம் கேட்டால் உடம்பு எங்கே போகும்? குறட்டை பலமாக இருந்து, நடுவில் மூச்சு நின்று நின்று வருவதாக வீட்டில் சொன்னால் அது வேறு விஷயம். நடை மட்டும் அதைத் தீர்க்காது, பரிசோதனை வேண்டும்.

கடைசியாக அந்த இரண்டரை மணி. பிரஷர் மாத்திரைகளில் சில சிறுநீரை அதிகமாகப் பிரியச் செய்யும். உங்களுடையது அந்த வகையா, காலைக்கு மாற்றலாமா என்று எழுதிக்கொடுத்த டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நேரத்தை மாற்றவும் வேண்டாம்.