கண்ணாடி அடுப்பும் பொங்கி வழிந்த பாலும்

தம்பி, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து ஸ்காபரோவில் தனிச் சமையலறையுள்ள ஒரு பேஸ்மென்டில் (நிலக்கீழ் வீட்டில்) வாடகைக்கு இருப்பதாகவும், பாயசம் காய்ச்சும்போது சீனி கலந்த பால் பொங்கிக் கண்ணாடி மின்னடுப்பில் வழிந்து கறுப்பு வளையமாகப் பிடித்துவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். அதைப் பாத்திரம் துலக்கும் பச்சை ஸ்கொட்ச் பிரைட்டால் தேய்க்கலாமா, வீட்டுக்காரர் அதற்குப் பணம் கேட்பாரா என்பன உங்கள் கேள்விகள். எந்தத் தொலைபேசி இணைப்பு மலிவு, குளிர்ச்சட்டையை எங்கே வாங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். அவற்றுக்கு உங்கள் வகுப்பில் உள்ள எவரும் பதில் சொல்லுவார்கள். அடுப்பைப் பற்றித்தான் இந்த ஊரில் ஆளுக்கொரு பிழையான வைத்தியம் சொல்லுகிறார்கள் என்பதால், அதை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

பச்சை ஸ்கொட்ச் பிரைட்டை முதலில் அப்பால் வையுங்கள். இரும்புக் கம்பித் தும்பும் வேண்டாம். இரண்டும் கறையோடு சேர்த்து மேற்பரப்பையும் கீறிவிடும். அந்தக் கீறலுக்குள் அடுத்த நாள் குழம்பு இறங்கிக் கருகினால் அதைத் துடைத்து எடுப்பது பெரும் பாடாகிவிடும்.

உங்கள் அடுப்பில் இப்போது இருப்பது ஆறிப்போன கறை. அடுப்பு முழுவதும் குளிர்ந்த நிலையில், அப்பச் சோடாவை அதன்மேல் தூவி, சுடுநீரில் நனைத்துப் பிழிந்த துணியொன்றால் கால் மணி நேரம் மூடிவையுங்கள். துணியை எடுத்துத் துடைத்தால் பாதி கழன்றுவிடும். மிச்சத்துக்கு, பிளேட் பொருத்திய சுரண்டியொன்று வேண்டும். கனேடியன் டயர், ஹோம் டிப்போ போன்ற கடைகளில் சில டொலருக்குக் கிடைக்கும். புதிய பிளேட்டைப் போட்டு, அதை நிமிர்த்திப் பிடிக்காமல் நன்றாகச் சாய்த்து, ஏறத்தாழ 30 முதல் 45 பாகையில் வைத்து, ஒரே திசையில் தள்ளுங்கள். பிளேட்டைக் கண்டு பலர் அஞ்சுகிறார்கள். ஆனால் இந்தக் கண்ணாடியைக் கீறுவது சாய்த்துப் பிடித்த புதிய பிளேட் அன்று, முனை மழுங்கியதும் துருப்பிடித்ததுமான பழைய பிளேட்தான். கடைசியில் எஞ்சும் மங்கலான நிழலுக்கு, இந்த அடுப்புகளுக்கென்றே விற்கும் வெள்ளைக் களிம்பில் ஒரு துளி போட்டு, காகிதத் துவாயால் வட்டமாகத் தேய்த்து, பிறகு ஈரத்துணியால் அது அறவே போகும்வரை துடைக்கவேண்டும். களிம்பு சிறிது மிஞ்சினாலும் அடுத்த முறை அடுப்பு சூடாகும்போது அதுவே புதிய கறையாகும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல் என்ன செய்யவேண்டும் என்பதைத்தான். குழம்பு, சோற்றுக் கஞ்சி, எண்ணெய் எது சிந்தினாலும் அடுப்பு ஆறும்வரை பொறுத்துத் துடைக்கலாம். சீனிக்கு மட்டும் அந்த விதி பொருந்தாது. பாயசம், சர்க்கரைப் பொங்கல், கேசரி, ஜாம் என்று எந்த இனிப்பு சிந்தினாலும், உடனே அடுப்பை அணைத்து, பாத்திரத்தை அகற்றி, தடித்த அடுப்புக் கையுறையை மாட்டிக்கொண்டு, சூடு இருக்கும்போதே சுரண்டியால் அதைச் சூடில்லாத ஓரத்துக்குத் தள்ளிவிடவேண்டும். ஏனெனில் உருகிய சீனி கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, ஆறும்போது சுருங்குகிறது; கண்ணாடியோ சுருங்குவதில்லை. அந்த இழுப்பில் மேற்பரப்பிலிருந்து சிறு சில்லுகள் பெயர்ந்து பள்ளம் விழும். கறை என்றால் எடுக்கலாம், பள்ளத்தை எந்தக் களிம்பாலும் நிரப்ப முடியாது. உருகிய பிளாஸ்டிக்குக்கும் அலுமினியத் தாளுக்கும் இதே விதிதான். அந்த நேரத்தில் ஈரத்துணியைக் கொண்டுபோய் வைக்காதீர்கள். நீராவி கையைச் சுட்டுவிடும்.

கண்ணாடி ஏன் சுருங்குவதில்லை என்று நீங்கள் கேட்கக்கூடும். 1953ஆம் ஆண்டு அமெரிக்காவின் கோர்னிங் நிறுவனத்தில் டொனால்ட் ஸ்டூக்கி என்னும் அறிவியலாளர் ஒரு கண்ணாடித் துண்டை 600 பாகை செல்சியசில் சூடாக்க வைத்தபோது, உலை பழுதாகி வெப்பம் 900 வரை ஏறிவிட்டது. வெளியே எடுக்கையில் துண்டு தரையில் விழுந்தது, உடையவில்லை. கண்ணாடிக்குள் நுண்ணிய பளிங்குகள் (படிகங்கள்) உண்டாகிப் புதிய பொருளாக அது மாறியிருந்தது. அந்த வழியில் வந்த, வெப்பத்தில் ஏறக்குறைய விரியாத வகையொன்றைத்தான் ஜெர்மனியின் ஷொட் நிறுவனம் 1971 முதல் அடுப்புத் தட்டாகச் செய்துவருகிறது. ஆகவே, குளிர்ந்த நீர் பட்டதும் வெடித்துவிடும் என்று யாராவது சொன்னால் பெரிதாக எடுக்கவேண்டாம். கனமான பொருள் மேலே விழுந்தால், அதுவும் கூர்முனை பட விழுந்தால், உடையக்கூடும். அடுப்புக்கு மேலுள்ள அலுமாரியில் ஊறுகாய்ப் போத்தலையும் தேங்காயையும் அடுக்கிவைக்கும் வழக்கத்தை நம்மவர் கைவிடுவதாக இல்லை. வெடிப்பு விழுந்துவிட்டால், சிறியதே ஆயினும், அந்த அடுப்பில் சமைக்கக்கூடாது; சிந்தும் நீர் உள்ளே மின்கம்பிவரை போகும்.

நான் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்தபோது எங்கள் அபார்ட்மென்டில் இருந்தது சுருள் கம்பி அடுப்பு. இரவு வேலைக்குப் போகிறவரும் பகல் வேலைக்குப் போகிறவருமாக ஒரே சமையலறையை முறைவைத்துப் பயன்படுத்தினோம். சுருளுக்குக் கீழே சிந்துவதை ஏந்தும் தட்டுகளை அலுமினியத் தாளால் போர்த்திவிடுவதும், மாதக் கடைசியில் அதை உரித்து எறிவதும்தான் அன்றைய துப்புரவு. ஊரில் சாம்பலும் தும்பும் கொண்டு பளபளவென்று பானை துலக்கிய வீடுகளிலிருந்து வந்த எங்களுக்கு அதைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அப்படியிருந்தும் வீடு மாறும்போது, தட்டுகள் கருகிவிட்டன என்று சொல்லி வீட்டுக்காரர் ஒரு தொகையைக் கழித்துக்கொண்டார். அவரும் நம்மவர்தான். கேள்வி கேட்க எங்களுக்கு மொழியும் இல்லை, சட்டமும் தெரியாது. அந்தக் காலத்து அண்ணன்மார்தான் இன்று உங்களைப் போன்றவர்களுக்கு, கண்ணாடி அடுப்பின்மேலும் தாளை விரிக்கச் சொல்லுகிறார்கள். சொந்த வீட்டில் மேல்மாடி அடுப்பைக் காட்சிப்பொருளாக வைத்துவிட்டுக் கீழே இரண்டாவது சமையலறையில் சமைக்கிறவர்களும் அவர்களே. நான் மீனும் நண்டும் மேலேயே சமைக்கிறேன். அடுப்பில் உங்கள் முகம் தெரியும்.

அடிவட்டமான தாச்சி இந்த அடுப்புக்கு ஆகாது. தட்டையான அடி கண்ணாடியோடு பொருந்தினால்தான் சூடு ஏறும். இல்லாவிட்டால் அரை மணி நேரம் நின்றும் கடுகு வெடிக்காது. இரும்புத் தோசைக்கல்லைப் பயன்படுத்தலாம், ஆனால் தூக்கி வையுங்கள், இழுக்காதீர்கள். மெல்லிய அலுமினியப் பானைகள் சாம்பல் நிறக் கோடுகளை விட்டுச்செல்லும். அவற்றை அன்றன்றே களிம்பால் எடுக்கவேண்டும். அடிப்பாகத்தில் ஈரத்துடன் பானையை வைப்பதால் வரும் வெண்மையான தடங்கள் நீரிலுள்ள சுண்ணாம்பு. வினாகிரி தொட்டுத் துடைத்தால் போய்விடும். யன்னல் துடைக்கும் நீலத் திரவம், குளோரின், வெதுப்பி (oven) துடைக்கும் மருந்து மூன்றும் இதற்கு வேண்டாம். அடுப்பு சிவந்து சிவந்து அணைவது பழுதன்று. கண்ணாடி மிகையாகச் சூடேறாமல் உள்ளே ஒரு கருவி காக்கிறது.

தைப்பொங்கலுக்கும் புதுமனை புகுவதற்கும் பால் பொங்கி வழியவேண்டும் என்று நிற்பவர்கள் இங்கே ஏராளம். வழியட்டும், ஆனால் சர்க்கரை போடுமுன் வெறும் பால் வழியட்டும். அதைத் துடைத்துவிட்டுச் சர்க்கரையைப் போடுங்கள். இதற்காகவே முகாம் போடும்போது பயன்படுத்தும் காஸ் அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவந்து ஏற்றுகிறவர்களும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

இனி வீட்டுக்காரர். ஒன்டாரியோவின் 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டப்படி, சேதத்துக்கென்று முற்பணம் வாங்க அவருக்கு அனுமதியில்லை. கடைசி மாத வாடகையையும், திருப்பித் தரக்கூடிய திறப்புக் (சாவிக்) கட்டணத்தையும் மட்டுமே வாங்கலாம். கடைசி மாதப் பணத்திலிருந்து அடுப்புக்கென்று கழிக்கவும் முடியாது. கவனக்குறைவால் சேதம் என்று அவர் கருதினால், வீட்டுக்காரர் வாடகையாளர் தீர்ப்பாயத்தில் முறையாக விண்ணப்பித்து நிறுவவேண்டும். உரிமையாளரோடு சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்து வாழ்பவர்களை இந்தச் சட்டம் காப்பதில்லை. உங்களுக்குத் தனிச் சமையலறை இருக்கிறது; குளியலறையும் தனியாக இருந்தால் அந்தக் கவலை வேண்டியதில்லை. கறையை எடுத்தபின் விளக்கொளியில் அடுப்பைப் படம் எடுத்து, திகதியோடு வீட்டுக்காரருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவையுங்கள். பழைய கீறல்கள் ஏதும் முன்பே இருந்திருந்தால் அதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

பயன்படுத்திய பிளேட்டைக் குப்பைப் பையில் வெறுமனே போடாமல், மூடியுள்ள தகரப் பேணியொன்றில் போட்டுவைத்து, நிறைந்ததும் நன்றாக ஒட்டிக் குப்பையில் சேருங்கள்.