கேம் அரைத்தால் பெற்றோல் மிஞ்சுமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கேம்ஷாஃப்ட் (எஞ்சினின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு, சுருக்கமாகக் கேம்) அரைப்பதைப் பற்றித்தான். 2022 இல் 92 ஒக்டேன் லீற்றர் 470 ரூபாவுக்குப் போனதும், கியூஆர் காட்டி வாரம் 20 லீற்றர் வாங்கியதும் ஒருவருக்கும் மறக்கவில்லை. 2020 இலிருந்து 2025 வரை கார் இறக்குமதியும் நின்றிருந்ததால் கையில் உள்ள பழைய எஞ்சினைப் பிரித்துப் பூட்டித்தான் ஓடவேண்டியிருந்தது. ஆசை எனக்கும் விளங்குகிறது. ஆனால் கேம் என்பது எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகு கடைசியாகத் தொடவேண்டிய சாமான், அளக்காமல் தொடவே கூடாத சாமான்.

உப்புவெளியிலிருந்து: "என்னிடம் 796 சிசி அல்ட்டோ. லீற்றருக்கு 13 தான் ஓடுகிறது. கேமை அரைத்துப் போட்டால் 20 வரும் என்கிறார்கள், உண்மையா?"

வராது. 13 ஓடுகிற அல்ட்டோவில் வேறு எங்கோ பிழை இருக்கிறது, அதை விட்டுவிட்டுக் கேமை அரைத்தால் 13 ஓடும் காரில் புதுக் கேம் இருக்கும், அவ்வளவுதான். பிறேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள், சமதரையில் நியூட்ரலில் விட்டுத் தள்ளினால் கார் லேசாக நகரவேண்டும். ரயர் காற்று, பிளக், எயார் ஃபில்டர், ஒக்சிஜன் சென்சர். அப்புறம் தெர்மோஸ்டற். வெயில் ஊர்தானே என்று அதைக் கழற்றி எறிந்தவர்கள் இங்கே ஏராளம். எஞ்சின் தன் சூட்டுக்கு வராவிட்டால் கம்பியூட்டர் பெற்றோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். அந்த 13 ஐ எப்படி அளந்தீர்கள் என்றும் எழுதவில்லை. டாங்கை நிரப்பி, ஏ6 வழியே ஹபரணை போய்த் திரும்பி வந்தால் 170 கிலோமீற்றர் சொச்சம், அதே பம்பில் திரும்ப நிரப்பிப் பாருங்கள். அதுதான் அளவு. மீற்றர் முள்ளைப் பார்த்துச் சொல்வது அளவு இல்லை.

"எனது காருக்கு எந்த கேம் நல்லது? உடனே பதில் தேவை."

என்ன கார், எந்த வருடம், எந்த எஞ்சின், காபரேற்றரா இன்ஜெக்ஷனா, எவ்வளவு ஓடியது? ஒன்றுமே எழுதாமல் உடனே பதில் கேட்டால் நான் எதைப் பார்த்துச் சொல்வது? எழுதி அனுப்புங்கள், பார்ப்போம்.

உவர்மலையிலிருந்து ஒரு மாணவர்: "எக்கனமி கேம் என்று அரைக்கும்போது உண்மையில் எதை மாற்றுகிறார்கள்? அது எப்படிப் பெற்றோலைக் குறைக்கிறது?"

நல்ல கேள்வி தம்பி. கேமில் வால்வைத் தள்ளும் புடைப்புக்குத்தான் மூக்கு என்று பெயர். அதன் இரண்டு கன்னங்களையும் அரைத்து, வால்வு திறந்திருக்கும் பாகையை (கிராங்க் சுற்றும் கணக்கில் அளப்பது) சுருக்குகிறார்கள். காற்றை உள்ளே விடும் இன்லெற் வால்வு நேரத்தோடு மூடுவதால், குறைந்த சுற்றில் உள்ளே வந்த காற்றும் பெற்றோலும் பிஸ்டன் மேலே வரும்போது திரும்ப வெளியே தள்ளுப்படாது. ஓவர்லாப் (இன்லெற், எக்சோஸ்ற் இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம்) குறைவதால் ஐடிலும் சுத்தமாக நிற்கும். மொத்தத்தில் இழுவை கீழ்ச் சுற்றுக்கு இறங்கிவரும், 4500 சுற்றுக்கு மேலே எஞ்சினுக்கு மூச்சு முட்டும்.

இதில் நேரடியாகப் பெற்றோல் மிஞ்சுவது கொஞ்சம்தான். கீழே இழுவை இருப்பதால் நேரத்தோடு டொப் கியருக்குப் போய், குறைந்த சுற்றில் திறொட்டிலை (காற்று வரும் வழியில் உள்ள தட்டு) கூடத் திறந்து ஓடலாம், அப்போது பாதி மூடிய திறொட்டிலுக்கு எதிராகக் காற்றை உறிஞ்சுவதில் எஞ்சின் வீணாக்கும் சக்தி குறையும். லாபம் அங்கேதான் வருகிறது. கேமை மாற்றிவிட்டு மூன்றாம் கியரிலேயே அலறவிட்டு ஓடுகிறவருக்கு ஒரு சதமும் மிஞ்சாது. இன்னொன்று: லிஃப்டை (மூக்கு தள்ளும் உயரம்) குறைக்காமல் பாகையை மட்டும் சுருக்கினால் வால்வு அடித்துத் திறந்து அடித்து மூடும். ஸ்பிரிங் தாங்கவேண்டும், டெப்பெட்டின் (மூக்கு முட்டித் தள்ளும் துண்டு) விட்டமும் அதற்குப் போதவேண்டும், இல்லாவிட்டால் மூக்கு டெப்பெட்டின் விளிம்பில் ஏறிவிடும்.

தம்பலகாமத்திலிருந்து: "அப்பாவின் மொறிஸ் மைனர், 948 சிசி. எக்கனமி கேம் போடலாமா?"

அதற்குள் இருப்பதே எக்கனமி கேம்தான் ஐயா. பிஸ்டன் உச்சிக்கு வர 5 பாகை முன்னால் இன்லெற் திறந்து, பிஸ்டன் அடிக்குப் போய் 45 பாகை பின்னால் மூடும், மொத்தம் 230. இதைவிடச் சுருக்கினால் கார் ஏற்றத்தில் அழும். ஓடித் தேய்ந்திருந்தால் கம்பனிக்காரன் கொடுத்த அதே வடிவத்துக்கு அரைப்பியுங்கள், புது டெப்பெட் போடுங்கள் (பக்கத் தட்டைக் கழற்றினால் கைக்கு வரும்), 12 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு) இடைவெளி வையுங்கள். அதற்கும் முன்னால் ரைமிங் செயினைப் பாருங்கள். நீண்டுபோன செயின் கேமைப் பின்தள்ளிவிடும், கீழ்ச் சுற்று இழுவை அங்கேதான் முதலில் போகும், செயினை மாற்றியவுடனேயே பாதி வருத்தம் தீர்ந்த கார்கள் உண்டு. ஒயிலில் கவனம். இப்போது வரும் 5டபிள்யூ-30 எஸ்பி தர வகைகளில் பொசுபரசை (தேய்வைத் தடுக்கும் துத்தநாகச் சேர்மானத்தில் இருப்பது) 0.08 வீதத்துக்குள் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள், தட்டை டெப்பெட் எஞ்சினுக்கு அது காணாது. பழைய எஞ்சினுக்கென்று துத்தநாகம் கூட்டிச் செய்த 20டபிள்யூ-50 தேடி வாங்குங்கள்.

கிண்ணியாவிலிருந்து: "மாருதி 800 இன் கேமை வெளியூர்ப் பட்டறை ஒன்றில் அரைப்பித்தோம். முதலில் நன்றாக இழுத்தது. 2000 கிலோமீற்றர் ஓடுவதற்குள் டிக் டிக் என்று சத்தம், டெப்பெட் இடைவெளி எப்படி வைத்தாலும் நிற்கவில்லை. திறந்தால் ஒரு மூக்கு தேய்ந்து வட்டமாகிக் கிடக்கிறது. ஒயில் பிழையா?"

ஒயிலும் பிழையாக இருக்கலாம். ஆனால் நான் தேடிய வரி உங்கள் கடிதத்தில் இல்லை. ரொக்கரை (மூக்குக்கும் வால்வுக்கும் நடுவே ஆடும் கை) என்ன செய்தீர்கள்? பழையதையே போட்டிருப்பீர்கள். இதை எத்தனை முறை எழுதிவிட்டேன்! பழைய ரொக்கரின் முகம் பழைய மூக்குக்கு ஏற்றபடி குழிந்திருக்கும், புதிதாக அரைத்த மூக்கு அந்தக் குழியின் விளிம்பில் மட்டும்தான் முட்டும். ஸ்பிரிங்கின் முழுப் பாரமும் நூல் கனத்தில் ஓர் இடத்தில் விழுந்தால் ஒயில் படலம் அறுந்து இரும்பை இரும்பு சுரண்டத் தொடங்கும், பிறகு எந்த ஒயிலும் காப்பாற்றாது. அரைத்த கேமுக்குப் புது ரொக்கர், அல்லது முகம் அரைத்துச் சரிசெய்த ரொக்கர். இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமே இல்லை.

இரண்டாவது, மூக்கின் தோல். வார்ப்பிலேயே குளிர்வித்து இறுக்கிய ஷாஃப்டில் கடினம் ஆழமாக இருக்கும், கொஞ்சம் அரைத்தாலும் மிஞ்சும். நைட்ரைட் செய்த (நைதரசனால் மேல்தோலை இறுக்கிய) ஷாஃப்டில் அந்தக் கடினத் தோல் அரை மில்லிமீற்றர்கூட இல்லை. அரைத்தால் போய்விடும், திரும்ப நைட்ரைட் செய்யாமல் போடவே கூடாது. ஷாஃப்ட் எந்த வகை என்று ஒரு வார்த்தை கேட்காமலே கல்லில் ஏற்றுகிற பட்டறைகள் மீதுதான் எனக்குத் தீராத கோபம். கேட்டால் "நாங்கள் எத்தனை வருடமாகச் செய்கிறோம்" என்பார்கள். வருடக் கணக்கா மூக்கைக் காக்கப்போகிறது?

மூன்றாவது, தாள். அரைத்துத் தருகிறவர் கூடவே ஒரு தாளும் தரவேண்டும்: லிஃப்ட் எவ்வளவு, எந்தப் பாகையில் திறந்து எந்தப் பாகையில் மூடும், டெப்பெட் இடைவெளி எவ்வளவு, அடிவட்டம் (மூக்கு இல்லாத வட்டப் பகுதி) எவ்வளவு குறைந்தது. தாள் இல்லாவிட்டால் காசைக் கொடுக்காதீர்கள். நீங்களும் மைக்ரோமீற்றரை எடுத்து அளவுங்கள். மூக்கு நுனியிலிருந்து அடிவரை 36, குறுக்கே 30 என்றால் மூக்கின் லிஃப்ட் 6 மில்லிமீற்றர். இன்லெற் மூக்கு எல்லாம் ஒன்றுபோல, எக்சோஸ்ற் மூக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கவேண்டும், ஒன்றில் 6, இன்னொன்றில் 5.7 என்றால் அந்த ஷாஃப்டைத் திருப்பிக் கொடுங்கள். நீங்கள் அளக்கவில்லை, பட்டறையும் அளக்கவில்லை, பிறகு யார்தான் அளப்பது?

முதல் ஸ்டார்ட்டும் முக்கியம். மூக்கெல்லாம் மொலிப்டினம் கிறீஸ் பூசி, ரைமிங் சரிபார்த்து, தண்ணி, பெற்றோல் எல்லாம் ஆயத்தம் செய்து, ஒரே சாவியில் பிடிக்கும்படி வைத்துவிட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணவேண்டும். பிடித்தவுடன் 2000 சுற்றில் 20 நிமிடம். ஐடிலில் விடக்கூடாது, ஐடிலில் மூக்குக்கு ஒயில் தெறிப்பது குறைவு.

இப்போது உங்கள் எஞ்சினுக்குச் செய்யவேண்டியது: சம்ப்பை (அடியில் உள்ள ஒயில் தொட்டி) கழற்றிக் கழுவுங்கள், ஒயில் பம்பின் வலையைப் பாருங்கள், ஃபில்டரை உடனே ஒரு தடவையும் 500 கிலோமீற்றரில் இன்னொரு தடவையும் மாற்றுங்கள். அந்த மூக்கின் இரும்புத் தூள் எல்லாம் ஒயிலில்தான் கிடக்கிறது.

"விட்ஸ், விவிடி எஞ்சின். அரைக்கலாமா?"

வேண்டாம். வால்வு நேரத்தைக் கம்பியூட்டர் தானே மாற்றுகிறது, அதன் கணக்கெல்லாம் கம்பனி கேமை நம்பிப் போட்டது.

நிலாவெளியிலிருந்து: "அக்குவாவில் இன்லெற் வால்வு பிந்தித்தான் மூடுகிறதாம், அதனால்தான் பெற்றோல் மிஞ்சுகிறதாம். அப்படியென்றால் என் பழைய காரிலும் பாகையைக் கூட்டி அரைக்கலாமே?"

பாதி சரி. பிந்தி மூடினால் உறிஞ்சும் வீண்சக்தி குறையும், உண்மை. ஆனால் அக்குவா ஹைபிரிட் கார், அந்த எஞ்சினின் கொம்பிரஷன் விகிதம் 13 க்கு மேல், உங்களுடையது 9 சொச்சம். அங்கே கீழ்ச் சுற்றில் இல்லாத இழுவையை மின்சார மோட்டார் கொடுக்கிறது, உங்கள் காரில் யார் கொடுப்பது? கார் எடுக்கவே மாட்டாது, நீங்கள் அக்சிலேற்றரை அமத்துவீர்கள், பெற்றோல் கூடும்.

"கேம் புல்லியை (கேமைச் சுற்றும் பல்சக்கரம்) ஒரு பல் முன்னுக்கு வைத்தால், அரைக்காமலே எக்கனமி கேமின் வேலை நடக்கும் என்று நண்பர் சொல்கிறார்."

யோசனை சரி, அளவு பிழை. புல்லியில் 40 பல் என்றால் ஒரு பல் கேமில் 9 பாகை, கிராங்கில் 18. தேவைப்படுவது கிராங்கில் 4 பாகை போல. அதற்கு நகர்த்தி இறுக்கக்கூடிய புல்லி வேண்டும். அரைக்க நினைக்கிறவர்கள் முதலில் இதைச் செய்து, டாங்க் நிரப்பி அளந்து பாருங்கள், பிடிக்காவிட்டால் பழைய இடத்துக்கே கொண்டுவரலாம். அரைத்ததைத் திரும்ப வளர்க்க முடியாது.

சீனன்குடாவிலிருந்து: "கேம் மாற்றியபின் கன்னியா ஏறும்போது கிணுகிணு என்கிறது."

நொக்கிங், அதாவது சிலிண்டருக்குள் பெற்றோல் தாறுமாறாக எரியும் சத்தம். இன்லெற் நேரத்தோடு மூடுவதால் சிலிண்டர் அழுத்தம் கூடிவிட்டது. இக்னிஷனை இரண்டு பாகை பின்னுக்கு எடுங்கள், அப்படியும் நிற்காவிட்டால் 95 அடியுங்கள். அந்தச் சத்தத்தோடு ஓடவேண்டாம், பிஸ்டன் போய்விடும்.

"செலவு எத்தனை மாதத்தில் திரும்பி வரும்?"

மாதம் 1000 கிலோமீற்றர், லீற்றருக்கு 15 என்றால் 67 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் 20,000 ரூபா. எல்லாம் ஒழுங்காகச் செய்து நூற்றுக்கு 5 மிஞ்சினாலே நான் நல்ல வேலை என்பேன், அது மாதம் 1000 ரூபா. ஷாஃப்ட், ரொக்கர், கெஸ்கற், பெல்ட், கூலி எல்லாம் கூட்டி ஆயிரத்தால் பிரியுங்கள். ஷாஃப்ட் ஏற்கெனவே தேய்ந்து எப்படியும் கழற்றவேண்டும் என்றால்தான் இந்தக் கணக்கு உங்கள் பக்கம் வரும்.

குச்சவெளியிலிருந்து: "அரைத்த ஷாஃப்டை வாங்கி வைத்து மூன்று மாதம், இன்னும் பூட்டவில்லை. கெட்டுப்போகுமா?"

கடற்கரை வீட்டில் மூன்று மாதம் வெறுமனே கிடந்தால் துருப்பிடித்திருக்கும். மூக்கில் நகத்தை ஓடவிட்டுப் பாருங்கள், புள்ளி தட்டுப்பட்டால் பூட்டாதீர்கள், பட்டறைக்கே கொண்டுபோய்க் காட்டுங்கள். சுத்தமாக இருந்தால் ஒயில் பூசி பொலித்தீனில் சுற்றி நிமிர்த்தி வையுங்கள்.