காரை ஸ்டார்ட் செய்ததும் என்ஜின் பெல்ட் ஏன் கிறீச்சிடுகிறது? எப்படிச் சரிசெய்வது?

என்ஜினின் சுழற்சியை, மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரசர் போன்றவற்றுக்குக் கொண்டுபோகும் ரப்பர் பட்டைதான் இந்த பெல்ட். ஃபேன் பெல்ட் என்றும் சொல்வார்கள். அது புல்லி என்னும் சக்கரத்தை இறுகப் பற்றிச் சுற்றும்வரை சத்தம் வராது. பிடி தளர்ந்தால் வழுக்கும், உடனே பிடிக்கும், மறுபடி வழுக்கும். மிக வேகமாகத் திரும்பத் திரும்ப நடக்கும் இந்த அதிர்வுதான் கிறீச்சொலி. வழவழப்பான தரையில் ரப்பர் செருப்பு உரசினால் வருவதும் இதே சத்தம்தான். ஸ்டார்ட் செய்ததும் பேட்டரியை சார்ஜ் செய்ய ஆல்டர்னேட்டருக்குச் சுமை கூடும். அதனால்தான் காலையில் அதிகம் கேட்கிறது.

காரணம் கண்டுபிடிக்க நல்ல வழி ஒன்று உண்டு. என்ஜின் ஓடும்போது, கையும் உடையும் படாத தூரத்தில் நின்று, பெல்ட்டின் வரிகள் உள்ள பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் கூடினால் இறுக்கம் போதவில்லை. சற்று அடங்கி மீண்டும் வந்தால் ஏதோ ஒரு புல்லி நேர்கோட்டில் இல்லை.

என்ஜினை அணைத்துவிட்டு பெல்ட்டைப் பாருங்கள். வெடிப்போ பளபளப்போ இருந்தால் மாற்றிவிடுங்கள். எண்ணெயோ, என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டோ பட்டிருந்தால் முதலில் கசிவை அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் புது பெல்ட்டும் கெடும். பெல்ட்டை இறுக்கமாக வைத்திருக்கும் டென்ஷனர் தளர்ந்திருந்தால் அதையும் சேர்த்தே மாற்றுவது நல்லது.

பெல்ட்டில் ஸ்ப்ரே அடித்தால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது சத்தத்தைச் சில நாள் மறைக்குமே தவிர, தளர்வையோ கோணலையோ சரிசெய்யாது.