‘முன்பு இருந்த நிலைதான் பின்னால் வரும் மாற்றத்தைத் தீர்மானிக்கிறது’ என்கிறார்களே, இதைச் சோதித்துப் பார்க்க முடியுமா?

முடியும். ஆனால் எல்லாத் துறையிலும் முடியாது. உயிரியல், பொருளாதாரம், தொழில்நுட்பம் என்று எங்கே போனாலும் இதே வாதம் வருகிறது, இது ஆராய்ச்சியா இல்லை நடந்து முடிந்ததற்குச் சொல்லும் கதையா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் உண்டு. நான் படித்தது நுண்ணுயிரியல், எனக்குச் சோறு போடுவது தமிழ் டைப்பிங். அதனால் இந்த இரண்டு பக்கமிருந்தும் சொல்ல எனக்குக் கொஞ்சம் இருக்கிறது.

பிளஸ் டூ விடுமுறையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்த்துவிட்டார்கள். முதல் வாரம் முழுக்க இடது கைக்கு ‘யளனகபக’தான். அந்த மெஷினில் புள்ளிக்கு உரிய கட்டையை அடித்தால் பேப்பர் நகராது. அதனால் புள்ளியை முதலில் வைத்துவிட்டு, அதன் கீழே எழுத்தை அடிக்க வேண்டும். ‘அம்மா’ என்றால் அ, புள்ளி, ம, ம, கால். லோயர், ஹையர் இரண்டும் முடிப்பதற்குள் அது விரலில் ஊறிவிட்டது. இப்போது கணினியில் நான் பயன்படுத்தும் பலகையில் எழுத்து முதலில், புள்ளி பிறகு. வேகமாக அடிக்கும்போது இன்னமும் விரல் புள்ளிக்குத்தான் முதலில் ஓடுகிறது. திரையில் அகரத்துக்குப் பக்கத்தில் சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் தோன்றி, அதன் தலையில் என் புள்ளி உட்கார்ந்திருக்கும். பேப்பர் நகராத மெஷின் போய் வருடக்கணக்காகிறது, வட்டம் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது.

பொருளாதாரத்தில் இந்தப் பேச்சு சூடு பிடித்ததும் ஒரு டைப்ரைட்டரால்தான். ஆங்கில விசைப்பலகையின் மேல் வரிசை Q, W, E, R, T, Y என்று தொடங்குவதால் குவெர்ட்டி எனப்படும் எழுத்து வரிசை, ரெமிங்டன் கம்பெனி மெஷின்களோடு 1870-களில் கடைக்கு வந்தது. 1985-இல் பால் டேவிட் என்ற பொருளாதார வரலாற்றாசிரியர் அதைப் பற்றி ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். ஆரம்பத்தில் தற்செயலாக ஒன்று முந்திக்கொண்டது, அதில் ஆட்கள் பழகினார்கள், பழகிய ஆட்கள் இருப்பதால் அதே மெஷினை வாங்கினார்கள், அப்படியே பூட்டு விழுந்துவிட்டது என்பது அவர் வாதம். 1936-இல் ஆகஸ்ட் டுவோராக் என்ற அமெரிக்கர் காப்புரிமை வாங்கிய வரிசை மேலானது, ஆனாலும் அதனால் நுழைய முடியவில்லை என்றார். 1990-இல் லீபோவிட்ஸ், மார்கோலிஸ் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் பதிலுக்கு வந்தார்கள். டுவோராக் மேல் என்று சொன்ன அமெரிக்கக் கடற்படை ஆய்வோடு டுவோராக்கே சம்பந்தப்பட்டிருந்தார், பின்னால் 1956-இல் நடந்த அரசுச் சோதனையில் அப்படி ஒரு லாபமும் தெரியவில்லை என்று காட்டினார்கள்.

இந்தச் சண்டை தீரவில்லை, தீராது என்றுதான் நினைக்கிறேன். 1870-களுக்குத் திரும்பிப் போய், வேறு வரிசையோடு ஒரு மெஷினைக் கடையில் வைத்து, என்ன நடக்கிறது என்று பார்க்க வழியில்லை.

அந்த வழி ஓர் இடத்தில் இருக்கிறது. அதுவும் ஒரு ஃப்ரீசருக்குள்.

ரிச்சர்ட் லென்ஸ்கி என்ற அமெரிக்க உயிரியல் ஆய்வாளர் 1988-இல் ஒரே ஈ.கோலை பாக்டீரியாவின் வழிவந்தவற்றை 12 குடுவைகளில் பிரித்து வளர்க்கத் தொடங்கினார். தினமும் ஒவ்வொரு குடுவையிலிருந்தும் நூறில் ஒரு பங்கை எடுத்துப் புது ஊட்டத் திரவத்தில் விட வேண்டும். இது தவிர வேறு சமையல் இல்லை. ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஆறேமுக்கால் தலைமுறை. 500 தலைமுறைக்கு ஒரு தடவை மாதிரி எடுத்து மைனஸ் 80 டிகிரியில் உறைய வைத்துவிடுவார்கள். உறைந்தது சாகாது. எப்போது வேண்டுமானாலும் வெளியே எடுத்து, அது விட்ட இடத்திலிருந்து மறுபடி ஓட விடலாம். இந்த வேலை பெரும்பகுதி மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. 2022-இல் குடுவைகள் டெக்சாஸுக்குப் போயின. 75,000 தலைமுறையைத் தாண்டிவிட்டார்கள்.

முதலில் தெரிந்தது ஒற்றுமைதான். 12-லும் பாக்டீரியா வேகமாகப் பெருகக் கற்றது, 12-லும் செல் பெரிதானது. சரி, தொடக்கம் ஒன்று, சூழல் ஒன்று, முடிவும் ஒன்று என்று விட்டுவிடலாம் போலிருந்தது. 2003-இல் ஒரு குடுவை மட்டும் வழக்கத்தைவிடக் கலங்கியிருந்தது. வெளிக்கிருமி புகுந்துவிட்டதோ என்று பார்த்தால் அது இல்லை. உள்ளே இருந்த பாக்டீரியா சிட்ரேட்டை, அதாவது எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலத்தின் உப்பை, தின்ன ஆரம்பித்திருந்தது. அந்தத் திரவத்தில் சிட்ரேட் முதல் நாளிலிருந்தே இருந்தது, ஆனால் உணவாக அல்ல.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது லேபில் நின்றவர்களுக்குத்தான் உறைக்கும். கல்லூரியில் எங்களுக்கு சிம்மன்ஸ் சிட்ரேட் அகார் என்று ஒரு சோதனை உண்டு. சாய்வாக உறைய வைத்த பச்சை நிற ஊடகம். கிருமியைக் கீறி விட்டு மறுநாள் பார்த்தால், நீலமானால் அது சிட்ரேட் தின்கிறது. பச்சையாகவே இருந்தால் ஈ.கோலையாக இருக்கலாம். காற்று இருக்கும் இடத்தில் அது சிட்ரேட்டைத் தொடாது என்பது அதை அடையாளம் காணவே பயன்படும் குணம். ஒரு தடவை என் டியூப் நீலமாகிவிட்டது. எங்கள் ஆசிரியர் ஏறிட்டும் பார்க்காமல் “கண்டாமினேஷன்ப்பா, மறுபடி போடு” என்றார். அவர் சொன்னது சரிதான். என் கை சுத்தம் அப்படி.

லென்ஸ்கியின் மாணவர் சக்கரி பிளவுண்ட் என்ன செய்தார் என்றால், அந்த ஒரு குடுவையின் பழைய மாதிரிகளை ஃப்ரீசரிலிருந்து எடுத்தார். ஐந்தாயிரமாவது தலைமுறை, பத்தாயிரமாவது, இருபதாயிரமாவது என்று வெவ்வேறு காலத்திலிருந்து எடுத்து மறுபடி ஓட விட்டார். 2008-இல் முடிவு வெளியானது. சிட்ரேட் தின்னும் குணம் மறுபடி வந்ததெல்லாம் ஏறக்குறைய 20,000-ஆவது தலைமுறைக்கும் அதற்குப் பிறகும் உள்ள மாதிரிகளிலிருந்துதான். அதற்கு முன்னால் எடுத்ததில் ஒன்றில்கூட வரவில்லை. சிட்ரேட் தின்னுவதற்கு ரொம்ப முன்னாலேயே, அதைத் தின்ன உதவாத ஏதோ ஒரு மாற்றம் நடந்து கதவைத் திறந்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். 2012-இல் மரபணுவையும் படித்தார்கள். சிட்ரேட்டை உள்ளே இழுக்கும் மரபணு ஏற்கெனவே இருந்ததுதான், ஆனால் காற்றில்லாதபோது மட்டும் வேலை செய்யும். அது இரட்டிப்பானபோது, காற்று இருக்கும்போதும் இயங்கும் ஒரு சுவிட்சுக்குக் கீழே போய் விழுந்திருக்கிறது.

நீங்கள் கேட்ட கேள்விக்கு இதைவிடச் சுத்தமான சோதனை எனக்குத் தெரிந்து இல்லை. ஆனாலும் ஒரு மறுப்பு வந்தது, அதை மறைப்பது நியாயமில்லை. 2016-இல் ஐடஹோ பல்கலைக்கழகத்தில் ஸ்காட் மின்னிச்சின் குழு பாக்டீரியாவுக்குச் சிட்ரேட்டை மட்டுமே நம்பியிருக்கும் நிலையை உண்டாக்கியது. நூறு தலைமுறைக்குள்ளேயே தின்ன ஆரம்பித்துவிட்டது. லென்ஸ்கி, பிளவுண்ட் தரப்பு இதற்குப் பதில் சொன்னது. என் பார்வையில் இரண்டும் மோதவில்லை. பட்டினி போட்டு நெருக்கினால் பழைய வரலாற்றின் பிடி தளர்கிறது. லென்ஸ்கியின் குடுவையைப் போல நெருக்காமல் விட்டால், முன்னால் என்ன நடந்தது என்பதே பெரிதாகிறது.

மனிதர்கள் விஷயத்தில் ஃப்ரீசர் கிடையாது. அங்கே ஆய்வாளர்கள் வரலாற்றில் தானாக நடந்த விபத்துகளைத் தேடிப் போகிறார்கள். நெதர்லாந்தில் 1944-45 குளிர்காலப் பஞ்சம் அப்படி ஒன்று. தொடங்கியதும் முடிந்ததும் தெளிவாகத் தெரியும் என்பதால், கருவில் எந்த மாதத்தில் பட்டினி பட்டது என்று கணக்கிட்டு, அந்தக் குழந்தைகளின் நடுவயது உடல்நலத்தோடு ஒப்பிட முடிந்தது. எனக்கு இதைவிட நெருக்கமானது நில வரி ஆராய்ச்சி.

பொருளாதார ஆய்வாளர்கள் அபிஜித் பானர்ஜியும் லட்சுமி ஐயரும் 2005-இல் வெளியிட்டது அது. பிரிட்டிஷார் வங்காளத்தில் 1793-இல் ஜமீன்தார்களிடம் வரி வசூலை ஒப்படைத்தார்கள். சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில் தாமஸ் மன்றோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி பிடிவாதமாக நின்று ரயத்துவாரியைக் கொண்டுவந்தார், அதாவது பயிரிடுபவர் பெயரிலேயே பட்டா. இங்கேயும் ராமநாதபுரம், சிவகங்கை என்று ஜமீன்கள் இருந்தன. ஜமீன் ஒழிப்புச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1948-லேயே வந்துவிட்டது. ஆனாலும் நாடு முழுக்க மாவட்டம் மாவட்டமாகப் பார்த்தால், முன்பு ஜமீன் வசம் இருந்த இடங்களில் விவசாய முதலீடும் விளைச்சலும் சுதந்திரத்துக்குப் பிறகும் குறைவாகவே இருந்தன. பசுமைப் புரட்சி வந்த 1960-களின் நடுவில்தான் இந்த இடைவெளி நன்றாக விரிகிறது.

ஏற்கெனவே பின்தங்கிய இடங்களைப் பார்த்து ஜமீன்தாரிடம் கொடுத்திருக்கலாமே என்று உடனே கேட்கத் தோன்றும். இதற்கு அவர்கள் வைத்த பதில்தான் எனக்குப் பிடித்தது. எந்த ஊருக்கு எந்த முறை என்பது, அந்த ஊர் எந்த ஆண்டு பிரிட்டிஷார் கைக்குப் போனது என்பதையும் பொறுத்திருந்தது. 1820-க்கும் 1856-க்கும் நடுவில் பிடித்த இடங்களில் பெரும்பாலும் ஜமீன் வைக்கவில்லை, அப்போது மேலே இருந்தவர்களின் கருத்து மாறியிருந்தது. மண் நல்லதா கெட்டதா என்பதைப் பார்த்து அந்த மாற்றம் வரவில்லை. பிளவுண்டின் ஃப்ரீசருக்கு ஈடில்லை, ஆனாலும் குவெர்ட்டி கதையைவிட எவ்வளவோ கெட்டி.

அப்புறம், என் விரல். 1999-இல் தமிழ்99 பலகை வந்தது. உயிர் இடது கைக்கு, மெய் வலது கைக்கு, புள்ளி எழுத்துக்குப் பின்னால். மூன்று தடவை கற்க முயன்றேன், மூன்று தடவையும் பத்து நாளுக்கு மேல் ஓடவில்லை. டைப்ரைட்டரைத் தொட்டே இராத என் அக்கா மகள் இரண்டு வாரத்தில் கற்றுக்கொண்டாள். “பார்த்தியா, உன் பழைய பழக்கம்தான் காரணம் மாமா” என்று சொல்வாள் என்று பார்த்தால், புள்ளியியல் படிக்கிற பிள்ளை, “பக்கத்துக்கு ஒரே ஒரு ஆளை வச்சு என்ன மாமா முடிவுக்கு வர்றது, உனக்கு வயசாச்சுன்னும் இருக்கலாமே” என்கிறாள்.