குப்பைப் பையில் கிடந்த ஊசி குத்திவிட்டது, எய்ட்ஸ் வருமா?

கேள்வி: தனியார் மருத்துவமனையில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளராக இருக்கிறேன். பத்து நாட்களுக்கு முன் மஞ்சள் பையை அமுக்கிக் கட்டும்போது உள்ளே கிடந்த ஊசி கையுறையைத் துளைத்து உள்ளங்கையில் குத்திவிட்டது. "கழுவிட்டு வேலையைப் பாரு, வெளியே சொல்லாதே" என்றார் சூப்பர்வைசர். எய்ட்ஸ் வந்துவிடுமோ என்று தூக்கமே இல்லை. என்ன செய்வது டாக்டர்?

பதில்: இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை அம்மா. ஊசி போக வேண்டிய இடம் துளை விழாத வெள்ளை டப்பா. யாரோ அதைப் பஞ்சோடு சேர்த்து மஞ்சள் பையில் எறிந்திருக்கிறார்கள்.

எச்.ஐ.வி. உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினாலே ஆயிரத்தில் ஏறக்குறைய 3 பேருக்குத்தான் தொற்றுகிறது. உங்களைக் குத்தியது யாருக்குப் போட்ட ஊசி என்றே தெரியாததால் வாய்ப்பு இன்னும் குறைவு. தடுப்பு மாத்திரையை, முடிந்தால் 2 மணி நேரத்துக்குள், தவறினால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். உங்களுக்கு அந்தக் கெடு தாண்டிவிட்டது. அன்றைக்கே ஒருவரும் இதைச் சொல்லவில்லையே என்று மனசு ஆறவில்லை.

எனக்கு அதைவிடக் கவலை ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் தொற்று. தடுப்பூசி போடாதவர்களை அந்தக் கிருமியுள்ள ஊசி குத்தினால் நூற்றில் 6 முதல் 30 பேருக்குத் தொற்றலாம். வேலைக்குச் சேர்ந்தபோது 3 தவணை போட்டார்களா? நினைவில்லை என்றால் போடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கே பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு முதல் ஊசியைப் போடுங்கள். அடுத்தது 1 மாதத்தில், மூன்றாவது 6-வது மாதத்தில்.

அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், விஷயம் வெளியே போகாது. இப்போது ஒரு முறை, குத்திய நாளிலிருந்து 6 வாரத்திலும் 3 மாதத்திலும் பாருங்கள். ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனையை 6-வது மாதத்திலும் செய்துவிடுங்கள். அதுவரை ஆணுறை அவசியம், ரத்த தானம் வேண்டாம். ஒரே தட்டில் சாப்பிடலாம், பிள்ளைகளைக் கொஞ்சலாம்.

அப்புறம், அந்த "வெளியே சொல்லாதே". பயிற்சி மருத்துவராக இருந்தபோது ஊசிக்குத் திரும்ப மூடி போடப் போய் விரலில் குத்திக்கொண்டு, திட்டுவார்களே என்று விடியும்வரை வாயே திறக்காமல் இருந்திருக்கிறேன். நீங்கள் அப்படி இருக்காதீர்கள். கழிவு கையாளும் எல்லோருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசியை மருத்துவமனையே போட வேண்டும் என்கின்றன 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகள். ஒப்பந்த ஊழியருக்கும் இது பொருந்தும். தேதி, நேரம், எந்த வார்டுப் பை என்று எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

இனி எப்போதாவது குத்தினால் பிதுக்க வேண்டாம், விரலை வாயில் வைக்க வேண்டாம். ஓடும் நீரில் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். பையை அமுக்கவே கூடாது. முக்கால் பங்கு நிறைந்ததும் கட்டி, கழுத்தைப் பிடித்து, உடம்பில் படாமல் தூக்குங்கள்.